தம்பிக்கு வாங்கிய பீட்ரூட்

ஏழு வயதில் எனக்குத் தம்பியின் மேல் பெரும் பொறாமை. காரணம், அவன் வெளிக்குப் போனபோது வந்த ரத்தம். சொன்னால் சிரிப்பீர்கள். அந்த ரத்தத்துக்கு எங்கள் வீட்டில் கிடைத்த மரியாதை அப்படி.

கூலியைக் கூட்டிக் கேட்டு ஆட்கள் அறுவடைக்கு இறங்காத வருஷம் அது. புது ஆட்சி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். எங்கள் வயலில் நெல் உதிர்ந்துகொண்டிருந்தது. தாலுகா ஆபீசுக்கும் வயலுக்குமாக அலைந்த அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தே பல நாளாயிற்று. அப்படிப்பட்டவர் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறினார். மலம் இறுகி, முக்கியதில் ஆசனவாய் லேசாகக் கிழிந்திருக்கிறது, கீரையும் பழமும் கொடுத்தால் போதும் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். போன ரத்தம் ஊறட்டும் என்று அப்பா பீட்ரூட் வாங்கிவந்தார்.

அம்மா அதைப் பொரியல் செய்து தம்பிக்கு மட்டும் வைத்தாள். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு! எனக்கு வயிறு எரிந்தது. அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போன நேரம், சட்டியோடு வழித்துத் தின்றேன்.

மறுநாள் கொல்லையில் பார்த்தால் எனக்கும் சிவப்பு. தலைகால் புரியவில்லை.

“அம்மா, எனக்கும் ரத்தம் வருது!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். பீட்ரூட்டைப் பற்றி மூச்சுவிடவில்லை.

அப்பா என்னையும் தூக்கிக்கொண்டு ஓடினார். பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்குத்தான். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, “நேத்து என்ன பாப்பா சாப்பிட்டே?” என்றார். மேஜையில் ஊசியைப் பார்த்ததும் உண்மை தானாக வந்துவிட்டது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“பீட்ரூட் சாயங்க. நாளைக்குச் சரியாயிடும், கூட்டிட்டுப் போங்க.”

அப்பா எழுந்திருக்கவில்லை.

“பீட்ரூட் சாப்பிடாமலே வந்தா, டாக்டர்?”

“யாருக்குங்க?”

“எனக்குத்தான். நாலு மாசமா வருதுங்க. மூலமா இருக்கும்னு விட்டுட்டேன். இந்தக் கூலித் தகராறுல எங்கேயும் நகர முடியலே.”

டாக்டர் சிரிப்பை நிறுத்தினார். என்னை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். என்னை ஐந்து நிமிஷம் பார்த்தவர், அப்பாவை முக்கால் மணி நேரம் பார்த்தார். எனக்கென்று கிடைத்த டாக்டரையும் அப்பா பிடுங்கிக்கொண்டாரே என்று ஆத்திரமாக வந்தது.

திரும்பும்போது அப்பா என்னை மடியில் உட்காரவைத்து, ஊர் வரும்வரை இறுக்கிப் பிடித்திருந்தார். கடைசியில் தம்பியை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.