கடைசி ரைடில் தேசிய கீதம்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை. திண்டிவனத்தில் கபடி இறுதி ஆட்டம். ஜெயிக்கிற அணி விழுப்புரத்தில் மாவட்டப் போட்டிக்குப் போகும். அங்கே விளையாடினால் சான்றிதழ் கிடைக்கும். போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்த எனக்கு அந்தக் காகிதம்தான் உயிர்.

சிறப்பு விருந்தினர் வந்த பிறகுதான் தேசிய கீதம், அதன் பிறகுதான் ஆட்டம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் மூன்று மணி நேரமாக வரவில்லை. பொழுது சாய்ந்துவிடுமே என்று ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மைக் செட்காரருக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை. கார் வந்து நின்றால் கேசட்டைத் தட்டிவிட வேண்டும், அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

புள்ளிகள் சமம். கடைசி ரைடு என்னுடையது. கபடி கபடி என்று பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் பாதி தூரம் போயிருந்தேன். கார் வந்தது. ஸ்பீக்கரில் தேசிய கீதம் தொடங்கியது.

கூட்டம் மொத்தமும் எழுந்தது. நடுவர் விசிலை வாயில் வைத்தபடியே விறைத்தார். எதிரணி ஆட்கள் கையைத் தொடையோடு ஒட்டி நின்றார்கள். ஒருவன் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தான். அவனைத் தொட்டுவிட்டு நான் நடந்தே திரும்பியிருக்கலாம். நானும் நின்றேன். ஆனால் மூச்சை விடாமல் உதட்டுக்குள்ளேயே கபடி கபடி என்று முனகிக்கொண்டிருந்தேன்.

"டேய், வாய மூட்றா! தேசிய கீதம் ஓடிக்கினு இருக்குது, தெரியல?" என்று முன்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். அவர் கத்தலாமாம், நான் முனகக் கூடாதாம். அத்தனை கண்களும் என் மேல் திரும்பின. வாயை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும் நடுவர் விசில் ஊதினார். "மூச்சு விட்டுட்டப்பா. அவுட்டு."

"சார், எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னேன்."

"நின்னது சரிதான். ரூல்ஸு ரூல்ஸுதான்."

ஒரு புள்ளியில் தோற்றோம். ஆட்டத்தையே பார்க்காத விருந்தினர், ரைடின் நடுவே நான் கீதத்துக்கு நின்றதை யாரோ சொல்லக் கேட்டு, என்னை மேடைக்கு அழைத்து, தேசபக்தியைப் பற்றிப் பேசி, ஒரு சால்வை போர்த்தினார். கீழே இறங்கியதும் அந்தக் கைக்கெட்டும் தூரத்துக்காரன் வந்தான்.

"நீ தொட்டிருந்தாக்கூட நான் நவுந்திருக்க மாட்டேன்ணா. அவ்ளோ பேரு பாத்துக்கினு இருந்தாங்க."

மறுவாரம் விழுப்புரத்துக்கு வேடிக்கை பார்க்கப் போனேன். கீதம் போட்டால் எழுந்திருக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் பஸ் ஏறினேன். போட்டார்கள். உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்தில் நின்றவர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். எழுந்துவிட்டேன். சான்றிதழ் போனதைவிட அப்படி எழுந்ததுதான் எனக்கு இன்றும் அவமானமாக இருக்கிறது.