பதினொன்றாவது துணி

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸான அவளுக்கு ஆபரேஷன் தியேட்டரில் இருபத்திரண்டு வருஷமாக எண்ணுவதுதான் வேலை. கத்தி, கத்தரி, ஊசி, ரத்தம் ஒற்றும் துணி என்று எல்லாவற்றையும் ஆபரேஷனுக்கு முன் எண்ண வேண்டும். வயிற்றை மூடுவதற்கு முன் மறுபடி எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் டாக்டர் தையல் போடுவார். "சரியா இருக்கு டாக்டர்" என்று அவள் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. வீட்டிலும் அதே புத்திதான். மாடிப்படி, சட்டைப் பொத்தான், கணவரின் தும்மல், எதையும் விட்டுவைக்க மாட்டாள்.

இத்தனை வருஷத்தில் ஒரு ஊசிகூடத் தவறியதில்லை. அதை அவள் தன் வாயால் சொல்லிக்கொள்ள மாட்டாள். பிறர் சொன்னால் மட்டும், போகிற அவசரத்திலும் முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் நகர்வாள்.

ஆஸ்பத்திரியில் எல்லா மதத்தாருக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை உண்டு. போன மாதம் வாரம் ஒருவராக நாலு பேர் வந்து, 'நான்' என்கிற அகந்தையைப் பற்றிப் பேசினார்கள். எண்ணக்கா நாலுக்கும் போனாள். சைவப் பெரியவர், ஆணவம் செம்பில் களிம்பு மாதிரி உயிரோடு ஒட்டியே இருப்பது, அருள் இல்லாமல் போகாது என்றார். பௌத்தத் துறவி, உள்ளே தேடிப் பாருங்கள், வந்து போகிற எண்ணங்கள் இருக்கும், 'நான்' என்று ஒரு ஆள் இருக்க மாட்டான் என்றார். பாதிரியார், நம் விருப்பத்தைக் கடவுள் காலடியில் வைத்துவிடுவதுதான் வழி என்றார். கடைசியாக வந்த மௌலவி நஃப்ஸைப் பற்றிப் பேசினார். உள்ளே இருந்துகொண்டு தீமைக்குத் தூண்டுவது அதுதான். ஆனால் அது திருந்தத் தொடங்கினால் தன்னைத்தானே குற்றம் சாட்டும், அந்தக் குடைச்சல் வந்தால் ஓடாதீர்கள் என்றார்.

நாலும் தனக்கு நன்றாகப் புரிந்துவிட்டதாக அவள் வீட்டில் சொன்னாள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். வாய்த்துடுக்கு தொழிலோடு வந்தது.

"நாலே வாரத்துல ஆணவம் போயிடுச்சா? உள்ள ஒண்ணும் மிச்சமில்லையே, எண்ணிப் பார்த்துட்டியா?"

"உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, துணி தைத்துப் பிழைக்கும் ஒரு பெண்ணுக்குக் குடல் ஆபரேஷன். ரத்தம் ஒற்றும் துணிகள் பத்துப் பத்தாகக் கட்டி வரும். கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாக உரக்க எண்ண வேண்டும். எதிரே நிற்கும் சிஸ்டர் கண்ணால் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். அதுதான் முறை. ஆனால் இரண்டு வருஷமாகவே எண்ணக்கா கட்டைப் பிரித்து எண்ணுவதில்லை. கையில் வாங்கியதுமே "பத்து" என்பாள். அந்த சிஸ்டரும் எழுதிவிடுவாள். எண்ணக்காவையே எண்ணிக் காட்டச் சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

அன்று மூன்று கட்டு வாங்கினாள். பலகையில் முப்பது ஏறியது. மூடுவதற்கு முன் ரத்தத் துணிகளை ஒழுங்காகத்தான் எண்ணினாள். முப்பது இருந்தது. "சரியா இருக்கு டாக்டர்" என்றாள்.

மதியம் கேன்டீனில், துணிகளைச் சுத்தம் செய்து கட்டி அனுப்புகிறவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"நேத்து கட்டின கட்டுல சிலதுல பதினொண்ணு வெச்சுட்டேன்க்கா. பக்கத்து தியேட்டர்ல எண்ணிப் பார்த்துட்டு சத்தம் போட்டாங்க. உங்ககிட்ட வந்திருந்தா பிரிக்கும்போதே பிடிச்சிருப்பீங்க, எனக்கென்ன கவலை" என்று சிரித்தார்.

எடுத்த கவளத்தை எண்ணக்கா தட்டிலேயே வைத்தாள். முப்பத்தொன்று போய் முப்பது திரும்பியிருந்தால்? அந்த ஒன்று எங்கே?

கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். சொன்னால் வேலை போகும், பேர் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தைத்தாகிவிட்டது, பலகையை அழித்தாகிவிட்டது. உள்ளே துணி இருந்தால் சீழ் பிடிக்கும், அந்தப் பெண் செத்தும் போகலாம். இல்லாமலும் இருக்கலாமே!

அந்த நேரம் பார்த்து நாலு வாரப் பாடமும் ஓடி வந்தது. செய்கிற 'நான்' என்று ஒருவனே இல்லாதபோது தப்பு யாருடையது? எல்லாம் கடவுள் விருப்பம் என்று காலடியில் போட்டுவிட்டால் என்ன? களிம்பு அருளால்தானே போகும், அதுவரை பொறுத்திருந்தால் ஆகாதா? என்னமாய் வளைத்துவிட்டாள்! அந்தப் பெரியவர்கள் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள். குடைச்சல் மட்டும் எதற்கும் மசியவில்லை. 'நான் இல்லை, நான் இல்லை' என்று இத்தனை பாடு படுவது யார் என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது.

குழாயை மூடினாள். ஆபரேஷன் செய்த பெரிய டாக்டரின் அறைக்கு நேரே போனாள். கோபம் வந்தால் கையில் இருப்பதை வீசி எறிகிற மனுஷர் அவர்.

"டாக்டர், காலையில அந்தக் குடல் கேஸ்ல நான் கட்டைப் பிரிச்சு எண்ணலை. வாயால பத்துன்னு சொல்லிட்டேன். பதினொண்ணு வந்திருக்கலாம். உடனே ஒரு எக்ஸ்ரே எடுக்கணும்."

அவர் எதையும் வீசவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு போனை எடுத்தார். அந்த அமைதிதான் அவளுக்கு அதிக பயத்தைத் தந்தது.

ஒவ்வொரு துணியிலும் எக்ஸ்ரேயில் தெரிகிற மாதிரி ஓர் இழை வைத்து நெய்திருப்பார்கள். படத்தில் வலது பக்கம் அது வெள்ளையாக நெளிந்துகொண்டிருந்தது. சாயங்காலமே அந்தப் பெண்ணை மறுபடி மயக்க மருந்து கொடுத்து, தையலைப் பிரித்து, வெளியே எடுத்தார்கள்.

மறுநாள் காலை டாக்டர் வார்டுக்கு வரும்போது அவளையும் கூட அழைத்துப் போனார்.

"உள்ள ஒரு துணி தங்கிடுச்சும்மா, எடுத்துட்டோம். இந்த சிஸ்டருக்குத்தான் சந்தேகம் வந்துச்சு, எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாங்க. இவங்க இல்லன்னா பெரிய சிக்கலாயிருக்கும்" என்றார். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

அந்தப் பெண் எண்ணக்காவின் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்கு ரெண்டு பொண்ணுங்கக்கா. நீங்க நல்லா இருக்கணும்."

எண்ணக்காவுக்கு அது இனித்தது. நெஞ்சு நிறைய இனித்தது. நேற்றிலிருந்து பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று ஆக்கிவிட்டது அந்த இனிப்பு. இதை விழுங்கிவிட்டு ஆயுசுக்கும் நிம்மதியாக இருக்க முடியும் என்று தெரிந்தபோது உடம்பெல்லாம் வியர்த்தது.

"அந்தத் துணி எப்படித் தங்குச்சுன்னு டாக்டர் சொல்லலைம்மா" என்றாள். "நான்தான் காரணம். எண்ணவேண்டியதை எண்ணாம, எண்ணிட்டேன்னு சொன்னேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண் எண்ணக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ரெண்டு தடவை அறுத்தாங்களே" என்றாள்.

பிறகு எண்ணக்காவின் கையை விட்டுவிட்டு, போர்வையைக் கழுத்துவரை இழுத்து, இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.