ஆளுக்கு ஒரு ரிப்போர்ட்

திருச்சிக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது வெயில் அல்ல. இங்கே இயந்திரப் படம் வரையும் டிராயிங் ஆபீசில் பக்கத்து மேஜைக்காரர் தப்பாகக் கோடு போட்டால், பார்த்தும் பாராமல் இருப்பதுதான் மரியாதையாம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. ரங்கூனில் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும்: அங்கே அவர் ஆபீசில் ஒரு படம் நாலு மேஜை சுற்றி, நாலு பேர் நீலப் பென்சிலால் திருத்தின பிறகுதான் வெளியே போகும். நல்ல பேரானாலும் திட்டானாலும் அந்த அறைக்கே சேரும். தலைமை வகித்த ஸயாவின், அதாவது பர்மியப் பேச்சில் வாத்தியாரின், படத்தையே இவர் திருத்தியிருக்கிறார். நான் மூன்றாம் வகுப்பு தாண்டாதவள். ஆனாலும் அதில் எனக்குப் பெருமை உண்டு.

பர்மாவை விட்டு வந்து, அறுபதுகளின் நடுவில் ஒரு தொழிற்சாலையில் கிடைத்த வேலை இது. ஒரு வருஷம் பார்த்துத்தான் நிரந்தரம் செய்வார்கள். இதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் இல்லை. இருந்தும் பழக்கம் விடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் ரங்கராஜன் என்பவரின் படத்தில் ஏழெட்டு இடம் திருத்திக் கொடுத்தார். அதிகாரி வருஷ ரிப்போர்ட் எழுதும்போது அந்த நீலக் குறிகளை எண்ணிப் பார்த்து, ரங்கராஜனுக்கு வரவேண்டிய பதவி உயர்வை நிறுத்திவிட்டார். இங்கே ஆளுக்கு ஒரு ரிப்போர்ட்.

நான் ஸ்ரீரங்கம் போனேன். மன்னிப்புக் கேட்க அல்ல, எங்கள் வழக்கத்தை விளக்க. ரங்கராஜன் மனைவி வாசலிலேயே, "வாங்கோ, என் கோலத்தையும் திருத்திட்டுப் போங்கோ" என்றாள். ஆனாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, முழுக்கக் கேட்டாள்.

"உங்காத்துக்காரர் நல்லதுதான் நினைச்சார், ஒத்துக்கறேன். அந்த நல்லதை ரிப்போர்ட்ல எங்கே எழுதறா, சொல்லுங்கோ?"

வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியை அப்படியே இவரிடம் சொன்னேன். அதன்பின் என் வீட்டுக்காரர் அடுத்த மேஜைப் பக்கம் திரும்பவில்லை. ஒருநாள் ரங்கராஜன் படத்தில் ஓர் அளவு தப்பியிருந்தது கண்ணில் பட்டதாம். வாயை மூடிக்கொண்டாராம். வார்த்த சக்கரம் பொருந்தாமல் மறுபடி உலைக்கே போனது. வார்ப்புக்காரர்கள் டிராயிங் ஆபீஸ் மொத்தத்தையும் ஏசினார்கள். இவர் ரிப்போர்ட்டில் மட்டும் ஒரு குறையும் இல்லை. வேலை நிரந்தரமானது, குவார்ட்டர்ஸும் கிடைத்தது. அன்று அவர் சாப்பிடவில்லை.

சாவி கொடுக்க வந்த குமாஸ்தா, நோட்டில் எழுதச் சொந்த ஊர் கேட்டார். நான் ரங்கூன் என்றேன். பின்னால் வந்த இவர் திருச்சி என்றார். இரண்டையும் எழுதிவிட்ட குமாஸ்தா சிரித்தார்.

"ரெண்டுல எதுங்க சார் தப்பு? அடிச்சிடறேன்."

"எதுவா இருந்தா என்னங்க. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இவர் உள்ளே போய்விட்டார்.

அந்த நோட்டில் எங்கள் கதவு எண்ணுக்கு நேரே இரண்டு ஊரும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இதுவரை யாரும் அடிக்கவில்லை.