பாடு இல்லாத படகு

என் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றுவதற்கு முன்னால் நைனா ஒரு காரியம் செய்தார். ஊர்ப் பெரியவர்கள் எதிரில் பத்திரத் தாளில் எழுதி வாங்கினார். என் நகையை விற்றுத்தான் மாப்பிள்ளைக்குப் படகும் இஞ்சினும் வாங்கப் போகிறோம். பிரிவு என்று வந்தால் அவை பெண்ணுக்கு.

"தாலி ஏறவே இல்ல, அதுக்குள்ள அறுக்கறதப் பத்தி இன்னா பேச்சு?" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டார். எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. நைனா அசையவில்லை. காரணம் என் அக்கா. எழுத்து எதுவும் இல்லாமல் பிரிந்தவள். எது யாருடையது என்று நிரூபிக்கவே ஏழு வருடம் பொன்னேரி கோர்ட்டுக்கு பஸ் ஏறினாள். கடைசியில் காதில் கிடந்த கம்மலும் வக்கீலுக்குப் போனது.

என் கணவர் மூன்று முறை கை நீட்டினார். மூன்றாவதோடு நான் கிளம்பிவிட்டேன். பிறந்த வீடு அதே ஊர்தான், இரண்டு தெரு தள்ளி. அதற்குள் நைனா இறந்திருந்தார். வக்கீலம்மா தாளைப் படித்தார். "கோர்ட்டு இதை அப்படியே ஒத்துக்காதும்மா. ஆனா அவரே கையெழுத்துப் போட்டிருக்காரே, மறுத்துப் பேச வழியில்லை," என்றார். அப்படியே ஆயிற்று. இருவரும் சம்மதித்து எழுதிக் கொடுத்தோம், விவாகரத்துத் தீர்ப்பு வந்தது. அக்கா அலைந்ததில் கால்வாசிகூட நான் அலையவில்லை. படகு எங்கள் வீட்டுக் கரைக்கு வந்தது. நைனாவை நினைத்துப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமை ஒரு வாரம்கூட நிற்கவில்லை. எங்கள் ஏரியில் யார் வேண்டுமானாலும் போய் வலை போட முடியாது. எந்த நாள், எந்த இடம் யாருக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். கல்யாணமான ஆண்களுக்குத்தான் அது, ஒருமுறை கிடைத்தால் சாகும்வரை அவர்களுடையது. நைனாவின் பாடு அவரோடு முடிந்துபோனது. வலை, நங்கூரம், பித்தளைக் குடம் வரைக்கும் எழுதிய தாளில் பாட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதினவர்கள் அத்தனை பேரும் பாடு உள்ள ஆண்கள். இல்லாமல் இருப்பது எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது?

ஊர்க்கூட்டத்தில் போய் நின்றேன். ஆள் வைத்து ஓட்டிக்கொள்கிறேன், மாதத்தில் ஒரு நாள் போதும் என்று கேட்டேன். பெண்கள் பேசுகிற இடமில்லை அது.

"படகு உன்னுதுதாம்மா, யாரு இல்லேன்னா? பாடு ஆம்பளைக்குத்தான்," என்றார் தலைவர்.

அப்போது பின்வரிசையில் அவர் எழுந்தார், என்னை அடித்த அதே மனிதர். "என் பாட்டுல ஒரு நாள அதுக்கு வுட்டுத் தரேன். எழுதிக்கோங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபம் போகவில்லை, ஆனாலும் வந்தது. அத்தனை பேரில் எனக்காகப் பேச அவர் ஒருவர்தான் இருந்தார்.

தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பொண்டாட்டிக்குன்னு கேட்டா யோசிக்கலாம். நீ இன்னா ஒறவுல வுட்டுத் தர?"

அவர் என்னைப் பார்த்தார். எங்களுக்குள் உறவில்லை என்கிற தீர்ப்பின் நகலை, படகு என்னுடையது என்பதற்கு ஆதாரமாக, நான்தான் தலைவர் முன்னால் விரித்து வைத்திருந்தேன்.