இரண்டு மணி வாக்கில் அணைந்த கம்ப்யூட்டர்

மைசூர் ஹெப்பாளில் என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையைக் கதவடைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் முதல் பஸ்ஸில் பெங்களூருக்குக் கிளம்பிப் போனவர், சாயங்காலம் இரண்டு அட்டைப்பெட்டிகளையும் போர்வையில் சுற்றிய ஒரு மானிட்டரையும் ஆட்டோவிலிருந்து இறக்கினார்.

"கம்ப்யூட்டருங்களா?" என்று கேட்டேன்.

"இன்னும் ஆகல. நாமதான் ஆக்கோணும்" என்றார்.

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கடையில் முழுசாக ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது எங்களைப் போன்றவர்களுக்கு நடக்காத காரியம். உதிரியாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாம் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அந்தத் தொழிற்சாலையில் இருபது வருஷம் மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். எந்த மெஷின் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பாதிச் சாப்பாட்டில் கம்பெனி ஜீப் வந்து அழைத்துப் போன நாட்கள் உண்டு. கதவடைப்புக்குப் பிறகு யாரும் கூப்பிட வரவில்லை. காலையில் கேட்டுக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் மற்றவர்களோடு போய் உட்கார்ந்துவிட்டு, மதியம் சோற்றுக்கு வருவார்.

எனக்கு டைப்பிங் தெரியும். கல்யாணத்துக்கு முன்பு கொள்ளேகாலில் இங்கிலீஷ் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். மைசூர் யுனிவர்சிட்டி இருக்கிற ஊர். ஆராய்ச்சிக் கட்டுரையை அடித்துத் தர ஆள் தேடுகிறவர்கள் எப்போதும் இருப்பார்கள். அதை வைத்துத்தான் அவர் கணக்குப் போட்டிருந்தார்.

முன்னறையில் பாயை விரித்து, சாமான்களைப் பரப்பி, இரண்டு நாள் பூட்டினார். நான் உள்ளே எட்டிப் பார்த்தால்கூட, "மிதிச்சுறாத புள்ள" என்பார். "பனை மரம் ஒசரத்துக்குப் பேனல் பூட்டறவன், இத பூட்ட மாட்டனா?" என்று தனக்குத்தானே சிரித்துக்கொள்வார். ரோட்டோரச் சுவரில்தான் பிளக் பாயின்ட் இருந்தது. அதனால் அந்தச் சுவரிலேயே துளை போட்டு, இரும்பு ஆங்கிள் அடித்து, ஒரு பலகையை மேஜை மாதிரி நிறுத்தினார். கடைசி ஸ்க்ரூவை முடுக்கிய பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீயே போடு" என்றார். சுவிட்சைப் போட்டேன். உள்ளே மின்விசிறி சுற்றியது. 'பீப்' என்று ஒரு சத்தம். திரையில் எழுத்து வந்தது. அவர் என் தோளில் கைவைத்துக்கொண்டு அந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது. ஆனாலும் ஒவ்வொரு வரியையும் படிக்கிறவர் மாதிரி நின்றார்.

வாசலில் அட்டை எழுதி மாட்டினோம். முதலில் வந்தவர் ஒரு கல்லூரி ஆசிரியை. பட்டுப்புழு வளர்க்கும் பெண்களைப் பற்றி நான்கு வருஷம் ஊர் ஊராகச் சுற்றி இங்கிலீஷில் எழுதிய கட்டுரை. கையெழுத்தில் முந்நூறு பக்கத்துக்கு மேல் இருந்தது. கன்னடத்தில்தான் பேசுவார். இதற்காகவே லீவு எடுத்திருந்தார். லீவு முடிவதற்குள் யுனிவர்சிட்டியில் கொடுத்துவிட வேண்டும். நான் கொள்ளேகால் என்றதும், "அப்போ இந்தப் பொம்பளைங்க உங்க ஊர்க்காரங்கதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதல் அத்தியாயம் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இரண்டாவதில் ஒரு மதியம், ஒரு வாக்கியத்தின் நடுவில், திரை கறுத்தது. கரண்ட் போய்விட்டது என்று நினைத்து மேலே பார்த்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குள் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி எழுந்து 'பீப்' என்றது. என்னை ஒழுங்காக மூடாமல் விட்டீர்கள், அதனால் சோதிக்கிறேன் என்று நீலத் திரையில் ஒரு குற்றச்சாட்டு வேறு. ஒரு பக்கம் போயிருந்தது. திரும்ப அடித்தேன்.

மறுநாள் இரண்டு தடவை. அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கடுத்த நாள் மறுபடி. சில தடவை தானாக எழும். சில தடவை செத்தது போல் கிடக்கும். சுவிட்சை அணைத்து, கொஞ்சம் காத்திருந்து போட்டால்தான் உயிர் வரும்.

"எத்தன மணிக்கு நிக்குதுன்னு எழுதி வை" என்றார் அவர். தொழிற்சாலைப் பழக்கம். ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். பத்து நாள் கழித்து அதை விரித்துப் பார்த்தோம். காலையில் சில, சாயங்காலத்தில் சில. ஆனால் மதியம் இரண்டு மணி வாக்கில்தான் அதிகம்.

அவர் தொடையில் தட்டினார். "ஷிஃப்ட் மாறுற நேரம் புள்ள. அத்தன ஃபேக்டரிலயும் மெஷின ஒண்ணாப் போடறான். வோல்டேஜ் எறங்குது. இதுக்கா இத்தன பாடு."

ஸ்டெபிலைசர் வைத்தார். அப்படியும் கம்ப்யூட்டர் நின்றது. வீட்டுக்குப் பின்னால் குழி தோண்டி, கரியும் உப்பும் கொட்டி, புதிதாக எர்த் போட்டார். நின்றது. தெரிந்தவர் ஒருவரிடமிருந்து கரண்ட் போனாலும் ஓடுகிற யு.பி.எஸ். ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அன்று மதியம் இருவரும் எதிரே உட்கார்ந்து காத்திருந்தோம். இரண்டு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. யு.பி.எஸ்ஸின் பச்சை விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. அவர் அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு, "அப்போ வெளிய இல்ல. உள்ளதான் இருக்குது" என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது.

அன்றிலிருந்து தினமும் கேபினெட்டைத் திறந்தார். மெமரி அட்டையின் பல் வரிசையை ரப்பரால் தேய்த்துத் துடைத்தார். ஒயர்களைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு பெங்களூர் போனார். கடைக்காரர் சோதித்துவிட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று சொன்னாராம், அப்படியே திரும்பி வந்தார். பிறகு மொத்தக் கம்ப்யூட்டரையும் ஸ்கூட்டரில் வைத்துக் கட்டி, ஊருக்குள் ரிப்பேர் செய்கிற ஒருவரிடம் கொடுத்தோம். இரண்டு நாள் வைத்திருந்தார். போய்க் கேட்டால், "காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் ஓடுச்சு சார். ஒரு தடவைகூட நிக்கல. சும்னே எதுக்குக் கொண்டு வந்தீங்க?" என்று கன்னடம் கலந்த தமிழில் கேட்டுச் சிரித்தார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து பலகையில் வைத்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நின்றது.

வீட்டில் முனகிய நோயாளி டாக்டரிடம் போனதும் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்துகொள்வது போல இருந்தது எனக்கு. அவருக்கு அதைவிட மோசம். மெஷின் எதற்கு நிற்கிறது என்று தெரியாமல் அவர் இருந்து நான் பார்த்ததே இல்லை. பந்தலுக்குப் போவதை நிறுத்தினார். சாப்பிடும்போது கை பாதியில் நிற்கும். "அது வந்து..." என்று ஆரம்பிப்பார், முடிக்க மாட்டார்.

நான் இரண்டு வரிக்கு ஒரு தடவை சேமித்து, ஒரு பக்கம் முடிந்தால் ஃப்ளாப்பியில் ஏற்றி, எப்படியோ ஐந்தாவது அத்தியாயம் வரை வந்துவிட்டேன். அன்று ஆசிரியையும் பக்கத்தில் இருந்தார். ஃப்ளாப்பியில் ஏறிக்கொண்டிருக்கும்போதே நின்றது. மறுபடி எழுந்தபோது ஃப்ளாப்பியைப் படிக்க முடியவில்லை. கம்ப்யூட்டரில் இருந்த கோப்பைத் திறந்தால், எழுத்தே இல்லை. கட்டம் கட்டமாக, புள்ளி புள்ளியாக என்னவோ இருந்தது. முடித்திருந்த மூன்று அத்தியாயங்களும் ஐந்தாவதில் அடித்த வரையும் போயின. நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆசிரியை சத்தம் போடவில்லை. "பரவாகில்ல" என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு கைப்பிரதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, விளிம்பு சேர்த்துத் தட்டி, பையில் வைத்துக்கொண்டார். கடையில் கொடுத்துப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்த முதல் அத்தியாயத்தை மட்டும் நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வாசல்வரை போனேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனதைப் பின்னாலிருந்துதான் பார்த்தேன். என் கணவர் அடுக்களை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, லேபர் ஆபீஸில் பேச்சுவார்த்தை என்று பந்தல்காரர்கள் அவரை வற்புறுத்தி அழைத்துப் போனார்கள். நான் மட்டும் வீட்டில் இருந்தேன். அடிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, காப்பி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடம்பு சரியில்லாத பிள்ளையின் பக்கத்தில் உட்காருவோமே, அது மாதிரி.

ரோட்டில் கம்பெனி பஸ்கள் வர ஆரம்பித்தன. ஷிஃப்ட் முடிந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக வரும். எங்கள் கம்பெனி பஸ் அதில் இல்லை. மற்ற தொழிற்சாலைகளின் பஸ்கள். எங்கள் வீட்டுக்கு முன்னால் ஒரு பள்ளம் உண்டு. அதில் விழுந்து எழும்போது ஒரு பஸ் 'தடார்' என்றது. டம்ளருக்குள் காப்பியின் மேல் வட்டம் வட்டமாக அலை ஓடியது. திரை கறுத்தது.

கம்ப்யூட்டர் எழும்வரை காத்திருந்தேன். எழுந்ததும், பஸ் எதுவும் வராத நேரம் பார்த்து, கையை மடக்கிச் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். கறுத்தது. மூன்று தடவை செய்து பார்த்தேன். இரண்டு தடவை கறுத்தது.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னேன். "ஏனுங்க, கரண்ட்டுல இல்லீங்க. ஆட்டத்துல நிக்குது."

"என்ன ஆட்டம்?"

"பஸ்ஸு போற ஆட்டமுங்க. செவுரு அதிருது. பலகை செவுத்துலதான இருக்குது."

அவர் நேராக முன்னறைக்குப் போனார். சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு நின்றார். அடுத்த லாரி போகும்வரை அப்படியே நின்றார். கடையில் ஏன் நிற்கவில்லை, இரண்டு மணிக்கு ஏன் நிற்கிறது எல்லாம் அவருக்கு அந்த நேரத்தில் விளங்கியிருக்க வேண்டும். கையை எடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரைத் தேடினார்.

அத்தனை நாளும் எல்லாவற்றையும் கழற்றியவர், அடியில் கிடந்த பெரிய போர்டை மட்டும் கழற்றவே இல்லை. முதன்முதலில் பார்த்துப் பார்த்துப் பூட்டியது அது. அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போது அதைத் தூக்கினார். போர்டு தகரத்தில் படாமல் இருக்க, அடியில் சின்னச் சின்னப் பித்தளை ஸ்டட்டுகளை முடுக்குவார்கள். போர்டில் துளை இருக்கிற இடத்தில் மட்டும்தான் அவை நிற்க வேண்டும். துளையே இல்லாத ஓர் இடத்தில் ஒன்று அதிகமாக நின்றது. அதற்கு நேர் மேலே, போர்டின் முதுகில், ஈயம் வைத்த புள்ளி ஒன்று உரசி உரசி மினுங்கியது. பஸ் போகும்போதெல்லாம் அந்தப் புள்ளி ஸ்டட்டைத் தொட்டு ஷார்ட் ஆகியிருக்கிறது.

அவர் அதைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஒரு கொத்தமல்லி விதையைவிடக் கொஞ்சம் பெரியது.

"பெங்களூர் கடைக்காரனே வெச்சுக் குடுத்திருப்பானுங்க" என்றேன்.

"இல்ல புள்ள. கேபினெட்டு மொட்டையாத்தான் வந்துச்சு. ஒவ்வொண்ணா நாந்தான் முடுக்குனேன்."

"யாருக்குத் தெரியும் இதெல்லாம். புதுசுதானுங்க..."

"சும்னிரு" என்றார். கோபமாக இல்லை. அப்புறம் தரையில் உட்கார்ந்து முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். கதவடைப்பு நோட்டீஸ் ஒட்டிய அன்றுகூட அவர் அப்படி உட்காரவில்லை. பக்கத்தில் போய் உட்காரலாமா, உள்ளே போய்விடலாமா என்று தெரியாமல் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. தவறு வேறு யாருடையதாகவாவது இருந்திருக்கக் கூடாதா.

போர்டைத் திரும்பப் பூட்டினோம். சுவரைக் குத்தினேன். நிற்கவில்லை. பஸ்கள் போயின. நிற்கவில்லை. ஒரு வாரம் பார்த்த பிறகு, ஆசிரியை வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் மட்டும் போகிறேன் என்றேன். கேட்கவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

ஆசிரியை கதவைத் திறந்து, உள்ளே அழைத்து, காப்பி கொடுத்தார். லீவு முடிந்துவிட்டது. வேறு ஓர் இடத்தில் அடிக்கக் கொடுத்தும், அதற்குள் நாள் கடந்துவிட்டதாம். யுனிவர்சிட்டியில் எழுதிக் கொடுத்து, இன்னும் ஆறு மாசம் தள்ளி வாங்கியிருக்கிறார். இதையெல்லாம் அவர் எங்களைக் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தப்பு நன்னது மேடம்" என்றார். தப்பு என்னுடையது. ஸ்டட் என்றால் என்ன, எங்கே நின்றது, எப்படி உரசியது என்று கன்னடத்தில் விளக்க ஆரம்பித்தார். பாதியில் சொல் கிடைக்காமல் ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்துத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஆசிரியை தலையாட்டிக்கொண்டே கேட்டார். என்ன புரிந்ததோ தெரியாது. கிளம்பும்போது என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் இப்போ ஓடுதில்லியா, அது போதும்" என்றார். மறுபடி எங்களிடம் எதுவும் அடிக்கக் கொடுக்கவில்லை. எதிர்பார்க்கவும் முடியாது.

தொழிற்சாலை திறக்கவே இல்லை. ஒரு வருஷம் போல இழுத்து, கையில் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவர் நஞ்சன்கூடு பக்கம் ஒரு மில்லில் சேர்ந்தார். நான் அந்தக் கம்ப்யூட்டரில் நாலு வருஷம் அடித்தேன். எத்தனையோ பேருடைய ஆராய்ச்சி என் விரல் வழியாகப் போனது. இடையில் ஒரு தடவை உள்ளே மின்விசிறி கரகரவென்று கத்தியது. பார்க்கச் சொன்னேன். "ரிப்பேர்க்காரனக் கூப்பிடு" என்றார்.

"தூசிதானுங்க. நீங்களே தொறந்து பாருங்க."

"வேண்டாம் புள்ள."

கடைசியில் நானே ஸ்க்ரூக்களைக் கழற்றி, தட்டில் எண்ணி வைத்து, பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டினேன். அவர் எனக்குப் பின்னால் ஓரடி தள்ளி நின்று டார்ச் அடித்தார். கிட்டே வரச் சொன்னேன். "இங்கிருந்தே தெரியுது" என்றார்.