நூற்றுக்கு நூற்றிநான்கு வெள்ளை

உலகத்திலேயே மிக வெள்ளையான பொருள் ஒரு காலத்தில் என் பொறுப்பில் இருந்தது. பத்திரமாக வைக்கத் தெரியாமல் தொலைத்துவிட்டான் என்று என் சொந்தக்காரர்கள் இன்றும் சொல்லித் திரிகிறார்கள். தொலைக்கவில்லை. அதை ஒருவர் தின்றுவிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் குளச்சலுக்குக் கிழக்கே கடற்கரையில் ஒரு மண் கம்பெனி இருந்தது. அலை ஒதுக்கும் கரிய மணலை அள்ளி, காந்தத்தில் பிரித்து, மூட்டை கட்டிச் சீமைக்குக் கப்பலேற்றுவது அதன் தொழில். அந்தக் கரிய மணலிலிருந்து சீமையில் வெள்ளைச் சாயம் எடுக்கிறார்கள், பெயிண்டில் கலப்பதற்கு அதைவிட நல்ல வெள்ளை கிடையாது என்று நான் ஊரில் சொன்னபோது, படித்துக் கெட்டுப்போனவர்கள் பட்டியலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் துரைக்கோ அதை இங்கேயே எடுத்துக் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. ஆபீசுக்கு அடுத்தாற்போல் ஓர் அறையைப் பலகையால் தடுத்து, சோதனைச்சாலை என்று பெயர் எழுதி, திருவனந்தபுரத்தில் இன்டர்மீடியட் தேறியிருந்த என்னை உதவியாளனாக வைத்தார். தற்காலிக வேலைதான்.

செய்முறை ஒன்றும் ரகசியமில்லை. மணலை மாவாக அரைத்துக் கந்தக அமிலத்தில் வேகவைக்க வேண்டும். அப்போது எழும் புகையில் கண்ணும் தொண்டையும் எரியும், சட்டையில் ஓட்டை விழும். வெந்ததைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, மறுபடி நெடுநேரம் கொதிக்கவிட்டால் அந்தக் கறுத்த தண்ணீருக்குள் பால் திரிந்தது போல வெள்ளை இறங்கும். இரும்புச்சத்து போகும்வரை அதைக் கழுவ வேண்டும், பிறகு சூளையில் சுட வேண்டும். ஒரு கழுவல் குறைந்தாலும் தூள் மஞ்சளடித்துவிடும். நான் முதல் தடவை எடுத்தது வெற்றிலை போடுகிறவர் பல்லின் நிறத்தில் இருந்தது.

எவ்வளவு வெள்ளை என்று அளப்பதற்காகச் சீமையிலிருந்து பஞ்சு வைத்த பெட்டியில் ஒரு கட்டி வந்திருந்தது. மக்னீசியா என்கிற பொடியை அழுத்திச் செய்த கட்டி, அரைச் செங்கல் அளவு. அதுதான் நூறு என்றார் துரை. வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில் எங்கள் தூளை அதன் அருகில் வைத்து, அது நூறு என்றால் இது எத்தனை என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். கண்ணால் பார்த்து எப்படி எண் சொல்வது என்று கேட்டேன். பழகினால் வந்துவிடும் என்றார்.

அந்தச் சமயத்தில் பூதப்பாண்டியில் எனக்குப் பெண் பார்த்திருந்தார்கள். என்ன வேலை என்று பெண்ணின் அப்பா கேட்டார். வெள்ளைக்கு மார்க் போடுகிற வேலை என்றேன். அப்படியானால் வாத்தியாரா என்று கேட்டார். அரை மணி நேரம் விளக்கியும் அவருக்குப் பிடிபட்டது ஒன்றுதான், வேலை நிரந்தரமில்லை என்பது. நிரந்தர உத்தரவைக் கொண்டுவாரும், மறுநாளே முகூர்த்தம் குறிப்போம் என்று சொல்லிவிட்டார். பெண்ணை அன்று ஒரே ஒரு தடவை பார்த்தேன். அவள் என் முகத்தை விட்டுவிட்டு, சட்டையில் அமிலம் போட்ட ஓட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு நான் ஊர் திரும்பினேன், அவளைத் தவிர வேறு யாரையும் கட்டுவதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு.

ஆகவே எனக்கு வேண்டியது துரையின் ஒரு கையெழுத்து. அவரோ நான்கு மாத விடுப்பில் சீமைக்குப் புறப்பட்டார். வாரம் ஒரு சோதனை செய்து எண்ணை ஆகாயத் தபாலில் அனுப்பு, திரும்பி வந்ததும் உன் உத்தரவில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். முதல் வாரம் எண்பத்தாறு, இரண்டாம் வாரம் எண்பத்தேழு. மூன்றாம் வாரம் தூசி தட்டுவதற்காகக் கட்டியைத் தூக்கினேன். எடையே இல்லை. மேல்முகம் எப்போதும்போல் வழவழவென்று இருந்தது. கையிலிருக்கும்போதே அது பொத்தென்று உள்ளே இறங்கிப்போயிற்று. திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் முழுவதும் குடைந்த குடைவு. சுரண்டிய தேங்காய்மூடிபோல் வெறும் ஓடுதான் மிச்சம்.

எலி என்றேன். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட குளச்சல்காரர், அண்ணன் என்ற அர்த்தத்தில் நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவர், எலிக்கு இவ்வளவு பக்குவம் வராது என்றார். அவர் சொன்னது சரிதான், உட்புறம் முழுக்கக் கத்தி சுரண்டிய கோடுகள். மறுநாள் நான் சாப்பிடப் போவதுபோல் போய்ப் பாதி வழியில் திரும்பினேன். என் மேஜையருகே பெரிய கிளார்க் நின்றிருந்தார். கையில் பேனாக்கத்தி. மீசையில் வெள்ளை.

அவர் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கத்துக்காரர், நான்கு பெண்களின் தகப்பன், ஆபீசிலேயே நல்ல மனுஷர். பலகைத் தடுப்புக்கு அந்தப்புறம்தான் அவருடைய மேஜை. புளித்த ஏப்பமும் நெஞ்செரிச்சலும் அவரை ஒரு வருஷமாகப் படுத்திக்கொண்டிருந்தன. தர்ம ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைப் பொடியின் பெயரும் எங்கள் கட்டியோடு வந்த பட்டியலில் இருந்த பெயரும் ஒன்று என்பதை அவர் டைப் அடிக்கும்போது கவனித்திருக்கிறார். ஆஸ்பத்திரிப் பொடியில் கலப்படம், இதுவோ உலகத்துக்கே அளவாக வைத்த சரக்கு. மேல்முகத்தைத் தொட்டால் என் வேலை கெடும் என்று அடியில் மட்டும் சுரண்டியிருக்கிறார். என் மேல் அவ்வளவு அக்கறை.

"நீ ஆருட்டயும் பறையாத, மக்கா," என்றார். கண் கலங்கியிருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இரக்கம் ஒரு காரணம். என் நிரந்தர உத்தரவை எழுதிக் கையெழுத்துக்கு வைக்க வேண்டியவர் அவர்தான் என்பது இன்னொரு காரணம். எது பெரியது என்று இப்போது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வேறு கட்டி வரவழைக்கலாமென்றால் கோரிக்கைத் தாளில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்ப வேண்டியவரும் அவரே. தேய்மானம் என்று எழுதிப் பார்த்தார், வெள்ளை எப்படித் தேயும் என்று அவரே அடித்துவிட்டார். ஆகவே, தின்றது யாரென்று கேட்காத காக்காவும் சேர, நாங்கள் மூவரும் எங்கள் வட்டாரத்தில் மிக வெள்ளையானது எது என்று தேட ஆரம்பித்தோம். காக்கா கணவாய் மீனின் ஓடு கொண்டுவந்தார், அதில் லேசாக மஞ்சள். உப்பளத்து உப்பு காலையில் வெள்ளை, மாலையில் தண்ணீர். வண்ணான் வெளுத்த வேட்டியில் நீலம். இடியாப்பம் நன்றாகத்தான் இருந்தது, பதினொரு மணிக்கு எறும்பு வந்தது. கற்பூரம்தான் சரியென்று ஒருமனதாக முடிவு செய்தோம். அது நாளுக்கு நாள் சிறுத்தது, நாலே நாளில் காணாமல் போயிற்று. நான் பெரிய கிளார்க்கைப் பார்த்தேன். கற்பூரத்தை யாராவது தின்பார்களா என்று அவர் கோபித்துக்கொண்டார்.

கடைசியில் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைய வேண்டும்போல் இருக்கிறது. போன வாரத் தூளையே அளவாக வைத்துக்கொண்டேன். அது எண்பத்தேழு என்பது நமக்குத் தெரியும். இந்த வாரத் தூள் அதைவிட எவ்வளவு வெள்ளையோ அவ்வளவைக் கூட்டி எழுதினால் போதாதா? இந்த வாரத் தூள் எப்போதும் கொஞ்சம் கூடுதல் வெள்ளையாகத்தான் இருந்தது. எண்பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றாறு. என் கைப்பக்குவம் ஏறுகிறது என்று பூரித்துப்போனேன். உண்மையில் போன வாரத் தூள் திறந்த கிண்ணத்தில் கிடந்து, புகையும் மணல் தூசியும் பட்டு மங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு ஐந்தாவது வாரமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் எழுதினேன். துரையிடமிருந்து சபாஷ் என்று கடிதம் வந்திருந்தது, ஏறுகிற எண்ணை இறக்க மனம் வரவில்லை. பெரிய கிளார்க் ஒவ்வொரு வாரமும் அந்த எண்களை ஒரு வார்த்தை பேசாமல் டைப் அடித்துத் தபாலில் சேர்த்தார்.

பதினோராவது வாரம் நூற்றிநான்கு. உலகத்து வெள்ளைக்கெல்லாம் அளவாக வைத்த வெள்ளையை நாங்கள் நான்கு மார்க்கில் தோற்கடித்திருந்தோம். விடுப்பு முடியும் முன்பே புறப்பட்டு வருகிறேன், எதையும் தொடாதே என்று துரையிடமிருந்து தந்தி வந்தது.

வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. கூடவே ஒரு புதுக் கட்டி கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து என் நூற்றிநான்கின் அருகில் வைத்தார். என் தூள் அதன் பக்கத்தில் பழைய வேட்டி மாதிரி இருந்தது. பழைய கட்டி எங்கே என்று கேட்டார். கட்டியின் மிச்சத்தை எடுத்துக்காட்டி, எலி என்றேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, இந்த ஊர் எலிகள் பேனாக்கத்தி வைத்திருக்கின்றனவா என்று அமைதியாகக் கேட்டார். என் வேலையும் பூதப்பாண்டியும் அந்த நிமிஷமே போய்விட்டன என்று நினைத்தேன்.

அப்போது பெரிய கிளார்க் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்து, தான்தான் தின்றதாகச் சொன்னார். துரை நம்பவில்லை. பிள்ளைக்குட்டிக்காரர் ஒரு சின்னப் பையனைக் காப்பாற்ற இப்படியெல்லாம் சொல்லக்கூடாது என்று அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, தவறிக் கீழே போட்டாயா, விற்றாயா என்றார். நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நீ அனங்காத நில்லு, மக்கா," என்று என்னை அசையாமல் நிற்கச் சொன்னார் பெரிய கிளார்க். சட்டைப்பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்தார். புதுக் கட்டியின் ஒரு மூலையைச் சீவி, துரையின் கண்முன்னாலேயே வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

பிறகு அவர் தன் கட்சியை எடுத்துச் சொன்னார். அடுத்த அறையிலிருந்து பலகை இடுக்கு வழியாக வரும் அமிலப் புகைதான் தன் வயிற்றைக் கெடுத்தது, அதற்கான மருந்தும் அதே அறையில்தான் இருந்தது, நோய் தந்த இடத்தில் மருந்து எடுத்ததைத் திருட்டு என்று சொல்ல முடியுமா என்று கேட்டார். துரை பலகை இடுக்கைப் பார்த்தார், கட்டியைப் பார்த்தார். இது வயிற்றுக்குக் கேட்குமா என்றார். அரை மணி நேரத்தில் கேட்கும் என்றார் இவர். துரைக்கும் கப்பல் சாப்பாட்டில் வயிறு சரியில்லாமல் இருந்திருக்கிறது. கத்தியை வாங்கி இன்னொரு மூலையிலிருந்து கொஞ்சம் சீவித் தானும் போட்டுக்கொண்டார். நாங்கள் மூவரும் அரை மணி நேரம் காத்திருந்தோம். கேட்டது.

அதன்பிறகு தீர்ப்பு. புகை வெளியேற ஒரு குழாய் கட்ட வேண்டும். மூலை போனாலும் கட்டி இன்னும் நூறுதான், அதைப் பூட்டிவைக்க ஒரு கண்ணாடி அலமாரி செய்ய வேண்டும். சாவி பெரிய கிளார்க்கிடம் இருக்கட்டும், இந்தக் கட்டியைப் பற்றி இங்கே உண்மை பேசிய ஒரே ஆள் அவர்தான் என்றார் துரை. என் நிரந்தர உத்தரவை ஆறு மாதம் தள்ளிவைத்தார். நூற்றிநான்கைப் பற்றி ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பூதப்பாண்டியில் இதை நான் எப்படிச் சொல்வது? பெரிய கிளார்க்கே கூட வந்தார். தான் தின்றதால்தான் தாமதம் என்று பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, என்ன ருசி என்று மட்டும் கேட்டார். சுவரைத் தின்றது போல என்றார் இவர். உள்ளேயிருந்து அவள் சிரிப்பது கேட்டது. கட்டியைத் தின்றேன் என்று சொல்வதற்காகவே கருங்கல்லிலிருந்து ஒருவர் வந்தால் அதில் பொய் இருக்காது, ஆறு மாதம் பொறுக்கிறோம் என்றார் அவள் அப்பா. நான் எழுதின எண்களைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்கவில்லை.

குழாய் வந்ததும் அவர் வயிறு சரியாயிற்று. ஒவ்வொரு வாரமும் அலமாரியைத் திறந்து கட்டியை என் மேஜையில் வைப்பார், முடிந்ததும் எடுத்துப்போய்ப் பூட்டுவார். நானோ அவர் அந்தப்பக்கம் போனதும் ஒவ்வொரு தடவையும் கட்டியைத் திருப்பி அடியைப் பார்த்துக்கொள்வேன். அடி முழுசாகத்தான் இருந்தது. அப்படியும் பார்த்தேன். ஆறாவது மாதக் கடைசி வாரம், அப்படித் திருப்பி வைத்துக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்தால் அவர் வாசலில் நிற்கிறார்.

"பாரு மக்கா, நல்லாப் பாரு," என்றார். கோபமே இல்லை. "நீ எழுதின எண்ணை அடிக்கும்போ ஒவ்வொரு வாரமும் நானும் பாத்தேன். போன வாரத் தூளு மங்கிக் கெடந்ததையும் பாத்தேன். பூதப்பாண்டியிலே ஒனக்கு ஒரு பெண்ணு காத்திருக்காளேன்னு ஆருட்டயும் பறையல்ல."

எனக்கு அழுகை வந்தது. கட்டியை நேராக வைத்தேன். அந்த வாரத் தூளை ஜன்னலருகே கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு கழுவல் குறைந்திருந்தது, லேசாக மஞ்சள். போன வாரம் எண்பத்தெட்டு. என் உத்தரவு துரையின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்துக்கிடந்தது.

எண்பத்தைந்து என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் படித்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார், போய் டைப் அடிக்க உட்கார்ந்தார். துரை எண் அடித்த தாளையும் என் உத்தரவையும் சேர்த்து வைத்துக்கொண்டு, எண் இறங்கியிருக்கிறதே என்று கேட்டார். ஆமாம், இறங்கியிருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.