குதிரை தாண்டும்போது திரும்பிக்கொண்டவர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், துபாயில் ஜெபல் அலி பக்கம் ஒரு குதிரை லாயத்துக்கு லாரியில் புல்கட்டு கொண்டுபோவேன். அங்கே குதிரை பராமரித்தவர் ராமநாதபுரத்துக்காரர். ஒல்லியான உடம்பு, வெயிலில் செம்பட்டை பாய்ந்த மீசை. அவர் பார்த்துக்கொண்ட இளங்குதிரை அந்தக் குளிர்காலம் இங்கிலாந்துக்குப் போய்த் தடை தாண்டும் பந்தயங்களில் ஓட இருந்தது. லாயமே அதன்மேல் நம்பிக்கை வைத்திருந்தது. பயிற்சியில் அது தடையை நெருங்கும்போதெல்லாம் அவர் மட்டும் முதுகைத் திருப்பிக்கொள்வார்.

“பார்க்க மாட்டீங்களாண்ணே?”

“தைரியம் இல்லப்பா. தாண்டி எறங்குற சத்தம் கேட்டாப் போதும்.”

ஒருநாள் குதிரை தடையில் இடறி மணலில் விழுந்தது. ஓட்டியவர் எழுந்துவிட்டார், குதிரை எழவில்லை. கால் ஒடிந்த பந்தயக் குதிரைக்கு ஊசி போட்டுக் கொன்றுவிடுவதுதான் முடிவு என்று எனக்கும் தெரியும். ராமநாதபுரத்துக்காரர் ஓடிப்போய் அதன் தலையருகே உட்கார்ந்து, “எந்திரி ராசா, எந்திரி” என்று கெஞ்சினார்.

சற்று நேரத்தில் அது உடம்பை உதறிக்கொண்டு எழுந்தது. டாக்டர் வந்து, நடக்கவிட்டு, ஓடவிட்டுப் பார்த்து, காலுக்கு ஒன்றுமில்லை என்றார்.

அதுவரை கெஞ்சியவர் திட்டத் தொடங்கினார். “எருமை! என் உசுரே போயிருச்சுடா!” திட்டிக்கொண்டே நாலு கால்களையும் தடவினார். குதிரை சாவகாசமாக அவர் சட்டைப்பையை மோந்து பேரீச்சம்பழம் தேடியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

“இங்கிலாந்துல ஜெயிச்சிருமாண்ணே?”

“கடைசியா வரட்டும். விழாம வந்தாப் போதும்.”

இவ்வளவு பயந்தவர் தினமும் எப்படி அதைத் தன் கையாலேயே தடைக்கு அனுப்பிவைத்தார் என்பது எனக்கு இன்றும் புரியவில்லை.